வெள்ளத்தில் செல் டவர் படுத்துவிட்டால் குடியிருப்புக்குள் பேச என்ன ஏற்பாடு செய்யலாம்?

வேளச்சேரி_நாலு_பிளாக்:

வணக்கம். வேளச்சேரியில் தாழ்வான பகுதி. ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு மேல் 5 மாடி, 4 பிளாக், 160 வீடு. தனியாக இருக்கும் வயதானவர்கள் ஏறக்குறைய 20 பேர், வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர் ஒருவர். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஏறியது, பாதுகாப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள், கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னலும் போனது.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் இரண்டு மாதம்தான். சங்கத்தில் பணம் ஒதுக்கத் தயார். கமிட்டியில் ஒருவர் ஆன்லைனில் கிடைக்கும் 5 வாட் வாக்கி டாக்கி 10 வாங்கலாம் என்கிறார், இன்னொருவர் சாட்டிலைட் போன் என்கிறார், மூன்றாமவர் ஹாம் ரேடியோ (தேர்வெழுதி உரிமம் வாங்கிய தனிநபர் இயக்கும் வானொலி) என்கிறார். பிளாக்குக்கு பிளாக் பேச வேண்டும், வெளியே கன்ட்ரோல் ரூமுக்குச் செய்தி போக வேண்டும். எது சட்டப்படி சரி, எது நிஜமாகவே வேலை செய்யும்?

---

அலைவரிசை:

சார், நீங்கள் கேட்பது இரண்டு தனித்தனி வலை. வளாகத்துக்குள் பேசுவது ஒன்று, வளாகத்திலிருந்து ஊருக்குப் பேசுவது இன்னொன்று. ஒரே கருவி இரண்டையும் செய்யாது. செய்யும் என்று விற்கிறவரிடம் வாங்காதீர்கள்.

முதலில் எதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். 136–174, 400–480 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டு விற்கும் 5 வாட் செட்டை லைசென்ஸ் இல்லாமல் இயக்கவே கூடாது. அந்த வரம்புக்குள் போலீஸ், தீயணைப்பு, துறைமுகம் எல்லாம் வருகிறது. வெள்ள நேரத்தில் உங்கள் செட்டிலிருந்து தெரியாமல் ஒரு பட்டன் அமுங்கினால் மீட்புக்குழுவின் சானலே அடைபடலாம். சாட்டிலைட் போனையும் மறந்துவிடுங்கள். இந்தியாவில் துரையா, இரிடியம் போன்களை அனுமதியில்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். அனுமதியோடு கிடைப்பது பி.எஸ்.என்.எல். வழியாக வரும் இன்மார்சாட் மட்டும். குடியிருப்புச் சங்கத்துக்கு அது கைக்கெட்டும் வழி அல்ல.

வளாகத்துக்குள் பேச லைசென்ஸ் தேவையில்லாத 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் செட் போதும். அரை வாட்தான், ஆன்டெனாவைக் கழற்றி மாற்ற முடியாது. வாங்கும்போது பெட்டியில் அலைவரிசை தெளிவாக அச்சிட்டிருக்கிறதா, மத்திய அரசின் அலைவரிசை அமைப்பான டபிள்யூ.பி.சி. கொடுத்த இ.டி.ஏ. (கருவி ஒப்புதல்) சான்று இருக்கிறதா என்று பாருங்கள். "லாங் ரேஞ்ச் 10 கிலோமீட்டர்" என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். கான்கிரீட் கட்டடங்களுக்கு நடுவே 300 முதல் 500 மீட்டர்தான் நம்பலாம், உங்கள் வளாகத்துக்கு அதுவே தாராளம்.

எண்ணிக்கை: பிளாக்குக்கு ஒன்றாக 4, கேட்டுக்கு 1, ஒருங்கிணைப்பவருக்கு 1, தண்ணீரில் இறங்கிப் போகிறவருக்கு 1, உபரி 1. மொத்தம் 8. எல்லாம் ஒரே மாடலாக இருக்கட்டும்.

வாங்கிய அன்றே எட்டையும் ஒரே சானலில் வைத்து, சி.டி.சி.எஸ்.எஸ். டோனை (அதே டோனோடு வரும் குரலை மட்டும் கேட்க வைக்கும் வசதி) எல்லாவற்றிலும் அணைத்துவிடுங்கள். ஒரு செட்டில் மட்டும் டோன் தவறுதலாக 67.0-இல் இருந்தால் அவர் பேசுவது எல்லாருக்கும் கேட்கும், மற்றவர் பேசுவது அவருக்குக் கேட்காது. செட் பழுது என்று தூக்கி வைத்துவிடுவார்கள். கடைக்குத் திரும்பி வரும் செட்டுகளில் பாதிக்கு இதுதான் வியாதி. வாக்ஸ் வசதியையும் அணைக்க வேண்டும், மழைச் சத்தத்துக்கே அது தானாகப் பேச ஆரம்பிக்கும். டைம் அவுட் டைமர் இருந்தால் 60 விநாடி வையுங்கள். பையில் பட்டன் அமுங்கிக்கொண்டு ஒரே செட் சானல் முழுக்க அடைத்துக்கொள்வது அப்போதுதான் நிற்கும்.

லிப்ட் குழிக்குப் பின்னால், ஸ்டில்ட்டின் மூலையில் சிக்னல் போகாது. இப்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்து, எங்கே செத்துப்போகிறது என்று வரைபடத்தில் குறித்துவிடுங்கள். அந்த இடங்களுக்கு மூன்றாம் மாடிப் படிக்கட்டு ஜன்னலில் நிற்கும் ஒருவர் கேட்டுத் திருப்பிச் சொன்னால் போதும்.

---

மின்கலம்:

ரேடியோவை விட கரண்டுக்குத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஜெனரேட்டரும் மெயின் பேனலும் எங்கே இருக்கின்றன? ஸ்டில்ட்டில் என்றால் முதல் நாளே அவை கணக்கில் இல்லை.

கணக்கு எளிது. 446 செட்டின் பேட்டரி பொதுவாக 1500 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட், அதாவது 5.5 வாட் மணி. எட்டுக்கும் 44, சார்ஜர் விரயம் சேர்த்தால் 60 வாட் மணி. அளவாகப் பேசினால் ஒரு சார்ஜ் ஒரு நாள் தாக்குப்பிடிக்கும். வீடுகளில் இன்வெர்ட்டருக்கு இருக்கும் 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரியில் 1800 வாட் மணி. பாதிக்கு மேல் வடிக்கக்கூடாது என்றாலும் 900 இருக்கிறது. பதினைந்து நாள் சார்ஜ் போடலாம்.

ஆனால் இன்வெர்ட்டர் வழியாகப் போட்டால் இந்தக் கணக்கு கவிழும். ஒன்றுமே செருகாவிட்டாலும் இன்வெர்ட்டர் 15–25 வாட் தின்னும். 20 என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 480 வாட் மணி. இரண்டு நாளுக்குள் பேட்டரி காலி, செட்டுகளுக்குப் போனது 100 மட்டும். அதனால் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, பேட்டரி முனையிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, காருக்கு விற்கும் 12 வோல்ட் யு.எஸ்.பி. சார்ஜரை நேரடியாக மாட்டுங்கள். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டிப் போட்டால் நடுவில் ஒயர் உரசித் தீப்பிடிக்கும்போது ஃபியூஸுக்கே தெரியாது.

பேட்டரி முதல் மாடியிலோ அதற்கு மேலோ இருக்கும் வீடாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பிளாக்கில் இரண்டு வீடு. மழைக்கால மேகத்தில் சோலார் பேனலை நம்ப வேண்டாம், வந்தால் லாபம்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இந்த ஏற்பாட்டில் சேராது. அது 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், மேலே சொன்ன 900 வாட் மணி மூன்று மணி நேரத்தில் தீரும். அவருக்கு சிலிண்டர் ஏற்பாடு, அல்லது எச்சரிக்கை வந்த அன்றே வேறு இடம்.

இன்னொன்று. வீட்டு இன்டர்நெட் ஜிபான் வகை ஃபைபர் என்றால், எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வரை நடுவில் கரண்ட் தேவைப்படும் பெட்டி எதுவும் இல்லை. ஃபைபர் வந்து சேரும் ஓ.என்.டி. பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் கொடுத்தால், எக்ஸ்சேஞ்ச் உயிரோடு இருந்து கேபிள் அறுபடாத வரை நெட் வரும். உள்ளூர் கேபிள்காரர் ஸ்விட்ச் வைத்துப் பிரித்துக் கொடுக்கும் வகை என்றால் அந்த ஸ்விட்ச் பெட்டியோடு கதை முடிந்தது. எந்த வகை என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஒரு எச்சரிக்கை: 2016 வர்தா புயல் மாதிரிக் காற்று அடித்தால் மரத்தோடு மரமாக ஃபைபரும் போகும். வெள்ளம் கரண்டைக் கொல்லும், புயல் கம்பியைக் கொல்லும். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

---

லோரா_பித்தன்:

மெஷ்டாஸ்டிக் (லோரா என்ற சிறு ரேடியோக்கள் வழியாக எழுத்துச் செய்தி அனுப்பும் மென்பொருள்) பற்றி யாரும் சொல்லவில்லையே! 865–868 மெகாஹெர்ட்ஸ் இந்தியாவில் லைசென்ஸ் இல்லாத பட்டை. மொட்டை மாடிக்கு ஒரு கருவி வைத்தால் எழுத்துச் செய்தி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போகும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் போர்டு கிடைக்கிறது. 868-க்கானதா என்று பார்த்து வாங்குங்கள், 433 போர்டு வேண்டாம்.

செய்ய வேண்டியவை: ஆன்டெனாவை மாட்டாமல் பவர் கொடுக்காதீர்கள், சிப் போய்விடும். ரீஜனை இந்தியா என்று வையுங்கள். கூட வரும் லாங் ஃபாஸ்ட் அமைப்பு 250 கிலோஹெர்ட்ஸ் அகலம் எடுக்கும், நம் விதியில் 200 கிலோஹெர்ட்ஸ்தான் வரம்பு. அதனால் 125 கிலோஹெர்ட்ஸில் ஓடும் லாங் மாடரேட்டுக்கு மாற்றுங்கள். எல்லாக் கருவியிலும் ஒரே அமைப்பு இருக்க வேண்டும், ஒன்று மாறினாலும் அது தனித் தீவு. ஹாப் (செய்தி எத்தனை முறை தாவலாம் என்ற எண்) 3 போதும், 7 வைத்தால் நெரிசல்தான் மிச்சம். எல்லாரும் ரவுட்டர் ரோல் (மற்றவர் செய்தியைக் கடத்துவதே வேலை) போட ஆசைப்படுவார்கள். உயரமான மாடியில் இருக்கும் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கிளையன்ட்.

மாடிக் கருவிக்கு என்.ஆர்.எஃப்.52840 சிப் உள்ள போர்டு எடுங்கள். ஒரு 18650 லித்தியம் செல்லில் ஒரு வாரம் ஓடும். இ.எஸ்.பி.32 போர்டு அதே செல்லை ஒரு நாள், ஒன்றரை நாளில் குடித்துவிடும்.

தமிழில் அனுப்புபவர்கள் கவனிக்க வேண்டியது: ஒரு செய்திக்கு ஏறக்குறைய 200 பைட் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். "தண்ணீர்" என்ற ஒரு சொல்லுக்கே புள்ளி, சுழி எல்லாம் சேர்த்து 7 குறியீடு, 21 பைட். ஒன்பது, பத்து சொல்லில் முடித்துவிட வேண்டும். எஸ்.எம்.எஸ்.ஸிலும் இதே கதைதான். ஆங்கில எழுத்தில் 160, தமிழில் 70.

---

அலைவரிசை:

நல்ல விஷயம்தான், ஆனால் அதை முதல் வலையாக வைக்காதீர்கள். மெஷ்டாஸ்டிக் பயன்படுத்த ஒவ்வொருவருக்கும் சார்ஜ் உள்ள போன் வேண்டும், ப்ளூடூத் இணைக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஈரக்கையோடு டச் ஸ்க்ரீனில் தட்ட வேண்டும். வாட்ச்மேனிடம் வாக்கி டாக்கியைக் கொடுத்துப் பட்டனைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் பேசுவார். நாலு மொட்டை மாடிக்கு நாலு லோரா, பட்டியல்கள் அனுப்ப: எந்த வீட்டுக்கு மாத்திரை, எத்தனை பால் பாக்கெட் என்று. குரலுக்கு 446. இரண்டும் இருந்தால் நல்லது, ஒன்றுதான் என்றால் குரல்.

---

வேளச்சேரி_நாலு_பிளாக்:

ரொம்ப நன்றி. ஜெனரேட்டர் ஸ்டில்ட்டில்தான் இருக்கிறது, சொன்னதும் வயிற்றைக் கலக்குகிறது. வெளியே செய்தி போக ஹாம் பற்றிச் சொல்ல முடியுமா? சங்கத்தில் இருவர் பரீட்சை எழுதத் தயார்.

---

விக்டர்_யூனிஃபார்ம்:

எழுதட்டும், ஆனால் இந்த மழைக்கு அது உதவாது. விண்ணப்பம், தேர்வு, சான்று, அழைப்புக்குறி (நிலையத்தின் அடையாளப் பெயர்) எல்லாம் முடிய மாதங்கள் ஆகும். தேர்வு டபிள்யூ.பி.சி. நடத்துவது, விண்ணப்பம் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில். 12 வயது நிறைந்த யாரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி. ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ், வி.யு.2. இருவரும் ரெஸ்ட்ரிக்டட் எழுதினால் போதும்.

இந்த வருடத்துக்கு வழி: உங்கள் பகுதியில் ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள ஹாம் யாராவது இருப்பார். மொட்டை மாடியில் விசித்திரமான கம்பி தெரிகிற வீட்டைத் தேடுங்கள், வேடிக்கையாகச் சொல்லவில்லை. பேரிடர் நேரத்தில் பிறருக்காகச் செய்தி கடத்த அவரால் முடியும். அவர் கேட்பது மூன்றுதான்: ஆன்டெனா மாட்ட மாடி, 12 வோல்ட் பேட்டரி, தெளிவாக எழுதிய செய்தி.

அடுத்த வருடம் நீங்களே நிலையம் அமைக்கும்போது பணத்தை ரேடியோவில் கொட்டாமல் கேபிளில் போடுங்கள். மாடியிலிருந்து இரண்டாம் மாடி வீட்டுக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள், ஹாம்கள் ஊருக்குள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 20 டெசிபெல் விழுங்கும். 25 மீட்டருக்கு 5 டெசிபெல். ரேடியோவிலிருந்து 25 வாட் கிளம்பி ஆன்டெனாவுக்கு 8 வாட்தான் வந்து சேரும். எல்.எம்.ஆர்.400 தடிமன் கேபிள் போட்டால் ஏறக்குறைய 19 வாட் வரும். இன்னொரு ஹாம் பட்டையான 435-இல் மெல்லிய கேபிளின் நிலை இதைவிட மோசம்.

ஆன்டெனா வாங்கத் தேவையில்லை. கேபிளை மாட்டும் எஸ்.ஓ.239 சாக்கெட் ஒன்று, 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி 3 மீட்டர். நடுவில் நிமிர்ந்து ஒன்று, நாலு மூலையிலும் 45 டிகிரி கீழே சாய்ந்து நாலு. நடுக்கம்பியை 51 சென்டிமீட்டர் வெட்டி, அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் பார்த்து 49 வரை கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். சாய்ந்த கம்பிகள் 52. மீட்டரில் அளவு 1.5-க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடலாம்.

பழுதாவது எப்போதும் ஒரே இடம்: ஆன்டெனாவின் அடியில் இருக்கும் கனெக்டர். அதன் வழியே மழைநீர் இறங்கிக் கேபிளின் பின்னல் கறுத்துவிடும். வெளியே பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும், சிக்னல் மட்டும் மாதாமாதம் தேயும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேல் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். ஜன்னலுக்குள் கேபிள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். இடி இடிக்கும்போது கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். சும்மா ஸ்விட்சை அணைத்தால் போதாது.

செங்கல்பட்டு, கடலூர் வரை பேச 7 மெகாஹெர்ட்ஸ். 20 மீட்டர் நீள டைபோலை (நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆன்டெனா) மாடித் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் கட்டினால் அலை செங்குத்தாக மேலே போய் 300 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இறங்கும். உயரம் குறைவாக இருப்பதுதான் இங்கே வசதி. நம் மண்டலத்தில் அவசரகாலத்துக்கென வைத்த இடம் 7.110 மெகாஹெர்ட்ஸ்.

---

நெட்_கன்ட்ரோல்:

கருவி பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். பேசும் முறை சரியில்லாவிட்டால் எட்டு செட்டும் சந்தைக்கடைதான்.

ஒருவர் மட்டுமே நெறியாளர், ரேடியோவில் அவர் பெயர் கன்ட்ரோல். அவர் கூப்பிட்டால்தான் மற்றவர் பேசுவது. மணிக்கு இரண்டு முறை, 00-க்கும் 30-க்கும், ஐந்து நிமிடம் எல்லாரும் செட்டை ஆன் செய்ய வேண்டும். மற்ற நேரத்தில் நெறியாளர், கேட், தண்ணீரில் இருப்பவர் ஆகிய மூவர் மட்டும் ஆன். மற்ற ஐந்து பேட்டரியும் ஆறு மடங்கு நாள் வரும்.

பட்டனை அழுத்தி ஒரு விநாடி கழித்துப் பேசுங்கள். அழுத்திய கையோடு பேசினால் முதல் சொல் போகாது, "சி பிளாக்கில் வேண்டாம்" என்பதில் "சி பிளாக்கில்" காணாமல் போய் "வேண்டாம்" மட்டும் கேட்கும்.

பி, சி, டி, ஜி எல்லாம் ரேடியோவில் ஒரே மாதிரி ஒலிக்கும். ஏ-ஆப்பிள், பி-பால், சி-சினிமா, டி-டீக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்களில் இன்னும் சிக்கல்: ஒம்பதும் அம்பதும் இரைச்சலில் ஒன்றே. ஆறும் நூறும் அப்படித்தான். அதனால் இலக்கம் இலக்கமாக: 304 என்றால் "மூணு, சைபர், நாலு". 50 பாக்கெட் என்றால் "அஞ்சு, சைபர்".

ஒரு மாதிரி:

"டீக்கடை, கன்ட்ரோல் பேசுறேன், சொல்லுங்க, ஓவர்."
"கன்ட்ரோல், டீக்கடை. அவசரம். வீடு மூணு, சைபர், நாலு. ஒருத்தர், வயசு ஏழு, ரெண்டு. நெஞ்சு வலி, நினைவு இருக்கு. ஸ்ட்ரெச்சரும் படகும் வேணும். ஓவர்."
"டீக்கடை, மூணு, சைபர், நாலு, ஒருத்தர், ஏழு, ரெண்டு, நெஞ்சு வலி, நினைவு இருக்கு, ஸ்ட்ரெச்சர், படகு. சரியா? ஓவர்."

திருப்பிச் சொன்ன பிறகுதான் அந்தச் செய்தி வந்து சேர்ந்ததாகக் கணக்கு. வெளியே போகும் செய்தியும் இதே வரிசையில் இருக்கட்டும்: வரிசை எண், நேரம், இடமும் அருகில் உள்ள அடையாளமும், எத்தனை பேர், என்ன வேண்டும், தண்ணீர் எவ்வளவு உயரம். "இடுப்பளவு" என்று சொல்லாதீர்கள், யார் இடுப்பு? அடிக்கணக்கில் சொல்லுங்கள். படகா, டிராக்டரா என்று அதை வைத்துத்தான் அனுப்புவார்கள்.

---

இரண்டு_சிம்:

செல்போனை முழுக்கக் கைவிட வேண்டாம். வீட்டுக்கு வீடு ஒரே கம்பெனி சிம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். சிக்னல் மெலிந்தால் ஏர்டெல், வி.ஐ., பி.எஸ்.என்.எல். போனை 2ஜி-க்கு மாற்றிப் பாருங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது. குரல் போகாதபோதும் எஸ்.எம்.எஸ். போகும். அது வரிசையில் நின்று, வழி கிடைத்ததும் நகரும். சிக்னல் தேடும் போன்தான் சீக்கிரம் சாகும், பேசாத நேரம் ஃப்ளைட் மோடில் வையுங்கள். உங்கள் கம்பெனி டவர் செத்துப்போய் "அவசர அழைப்பு மட்டும்" என்று வந்தாலும் 112 அடித்துப் பாருங்கள், வேறு கம்பெனி டவர் வழியாகப் போகும்.

1913 மாநகராட்சி, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டம். 2023 அக்டோபரில் எல்லார் போனும் ஒன்றாக அலறிச் சோதனை செய்தார்களே, அந்த செல் பிராட்காஸ்ட் நெட் இல்லாமலும் வரும், ஆனால் டவர் உயிரோடு இருக்க வேண்டும். அதுவும் போனால் ஒரு டிரான்சிஸ்டர்: சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸ், ரெயின்போ 101.4.

---

வேளச்சேரி_நாலு_பிளாக்:

எல்லாருக்கும் நன்றி. எட்டு செட், நாலு லோரா, இரண்டு பேட்டரி வீடு என்று கமிட்டியில் வைக்கிறேன். கடைசியாக ஒன்று: மழை வரும் வரை செட்டுகளை எப்படி வைப்பது? முழு சார்ஜில் பூட்டி வைக்கலாமா?

---

மின்கலம்:

வேண்டாம். லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில், செட்டிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். அக்டோபர் 1 அன்று முழுதாக ஏற்றுங்கள், மாதத்தின் முதல் ஞாயிறு பத்து நிமிடம் எல்லாரும் பேசிப் பாருங்கள். ஜிப் லாக் கவரில் போட்டே பேசலாம், குரல் பிளாஸ்டிக்கைத் தாண்டும். அலமாரிச் சாவி செயலாளரிடம் மட்டும் இருக்கக்கூடாது, அவர் ஊரில் இல்லாத அன்றுதான் மழை கொட்டும்.

---

நெட்_கன்ட்ரோல்:

அதே கவரில் ஒரு சின்ன நோட்டும் இரண்டு பென்சிலும் போடுங்கள். ஜெல் பேனா வேண்டாம், ஒரு துளி பட்டாலும் வீட்டு எண் கரைந்துவிடும்.